பறக்கும் அவுலியாவின் திடல்

பீர் ஷீஹ்
ஏப்ரல் மாதம், 1993

அன்புத் தம்பி மப்ரூக்குக்கு அக்கா ராபிஹா சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வாப்பாவுக்கு உடம்பு சுகம், பிடிவாதம் அதைவிடச் சுகம். ஆடுகள் சுகம். எனக்குத்தான் மண்டை காய்கிறது. நோன்புக்கு முன்னால் நான் போட்ட கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ இருக்கும் பெங்காசிக்கு டாக்ஸி ஓட்டும் கைருல்லாவைப் பிடித்துக் கேட்டேன். "குடுத்துட்டேன் அக்கா. வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு டீ வாங்கித் தந்தாரு" என்கிறான். நான் உன்னிடம் டீயா கேட்டேன்? எல்லை மூடியிருந்த காலத்தில் பதில் வராததற்கு இரண்டு அரசாங்கங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லையும் திறந்தாகிவிட்டது, திட்டுவதற்கு நீ ஒருவன்தான் பாக்கி.

உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் என் துஆ. பிள்ளை நடக்கிறானாம், கைருல்லா சொன்னான். அதைக்கூட டாக்ஸிக்காரன் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹாஜி அதிய்யா விமானத் திடலைக் கேட்கிறார். ஓடைக்கு அந்தப் பக்கத்து அதிய்யாதான், வேறு யார். சர்க்காரிலிருந்து நிலம் அளக்க ஆள் வருகிறார்கள். எந்த நிலம் யாருடையது என்று அக்கம்பக்கத்துக் குலத்தார் ஒரே வாயாகச் சொல்கிறார்களோ, அவர் பெயரில் எழுதித் தருவார்களாம். தகராறு உள்ள நிலம் சர்க்காருக்கே போய்விடும். இது தெரிந்ததும் அதிய்யாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஓடுபாதையை மட்டும் கேட்டால் போகட்டும் என்று விடலாம். திடல் என்றால் விளிம்பு வரைக்கும் திடல்தானே என்கிறார். விளிம்பில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். நம் அத்திமரங்கள், மழைநீர்த் தொட்டி, நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இந்த வீடு.

அவர் சொல்லும் நியாயத்தைக் கேள். கடைத்தெருவில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாராம்: "இங்கிலீஷ்காரன் எடுத்தான், ஜெர்மன்காரன் புடுங்கினான், மறுபடி இங்கிலீஷ்காரன் வந்தான், அப்புறம் அப்படியே போட்டுட்டுப் போயிட்டான். போட்டுட்டுப் போனது யாருக்கும் சொந்தமில்ல. முந்திக்கிட்டவனுக்குச் சொந்தம்."

நான் வாப்பாவிடம் ஓடினேன். போய் மறுத்துப் பேசுங்கள் என்றால், அவர் என்னிடமே திடலின் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். எனக்குத் தெரியாத கதையா? பாட்டனார் மழை பெய்த வருஷமெல்லாம் அங்கே பார்லி விதைத்தார். சிவப்புக் கொடி நட்டுக்கொண்டு இங்கிலீஷ்காரர்கள் வந்து, ஒரே ஒரு பருவத்துக்குத்தான் என்று சொல்லி, கதிர் பிடித்திருந்த பயிரின் மேல் உருளையை ஓட்டினார்கள். புழுதி பறக்கக் கூடாதென்று பழைய எண்ணெயைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்றைக்கும் அங்கே ஒரு புல் முளைக்காது. வாப்பா அப்போது மீசை அரும்பிய பையன், அவர்களிடமே கூலிக்கு மண் வெட்டினார். தன் தகப்பன் வயலைத் தானே கெட்டிப்படுத்த உதவியதை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்! அப்புறம் சண்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று நம் ஆட்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி, அலெக்சாந்திரியாவுக்கு இந்தப் பக்கம் முகாமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். உம்மாவையும் வாப்பாவையும் கட்டிவைத்ததே அந்த முகாமில்தான்.

திரும்பி வந்து பார்த்தால் விமானம் ஒன்றுமில்லை. இறக்கை ஒடிந்த ஒன்று மட்டும் கிடந்தது. அந்த இறக்கைதான் இன்றும் நம் ஆட்டுக்கொட்டிலின் கதவு. எங்கே பார்த்தாலும் பெட்ரோல் டின், முள்கம்பி, மண்ணுக்குள் கண்ணிவெடி. சின்ன மாமாவின் ஒட்டகம் போனது அப்படித்தான். போன வருஷம் ஒரு கிழட்டு வெள்ளைக்காரர் வரைபடத்தோடு வந்து, இங்கேதான் கூடாரம் போட்டிருந்தேன் என்று திடலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாப்பா அவருக்கு மூன்று சுற்று டீ கொடுத்தார். நான் சும்மா இருக்கவில்லை. "அழுதது போதும், புதைச்சு வச்ச இடத்தையெல்லாம் அந்தப் படத்துல காட்டச் சொல்லுங்க" என்று கூட வந்த வழிகாட்டியிடம் சொன்னேன். அவன் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

இனி பறக்கும் அவுலியா என்று ஊர் கொண்டாடும் மகானின் விஷயம். உனக்குக் கோபம் வரும், வரட்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானக்காரர்களுக்குக் காட்டத் துணிப்பை கட்டிய இரும்புக் கம்பம் அது. அதற்குக் குழி வெட்டியதே வாப்பாதான், அவர் வாயாலேயே நம்மிடம் சொல்லியிருக்கிறார். முகாமிலிருந்து வாப்பாவும் உம்மாவும்தான் முதலில் திரும்பினார்கள். பின்னால் வந்த பெண்கள் பார்த்தால், வெள்ளையடித்த கற்கள் வட்டமாக இருக்கின்றன, நடுவில் கொடிமரம், கொடிமரத்தில் துணி, அடியில் ஒரு மண்மேடு. அவ்வளவுதான். "நாம இல்லாத நேரத்துல ஒரு அவுலியா வந்து அடங்கியிருக்காரு" என்று குலவை போட்டுவிட்டார்கள். துணி எந்நேரமும் காற்றில் பறந்ததால் பறக்கும் அவுலியா என்று பெயரும் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆடு மேய்க்கத் தெற்கே போகிறவர்கள் எல்லோரும் கலப்பையையும் விதை மூட்டையையும் கூடாரத்துணியையும் அந்த வட்டத்துக்குள் வைத்துவிட்டுப் போகிறார்கள். கள்ளன்கூடத் தொடுவதில்லை. கேட்டால் அவுலியாவின் காவலாம்.

அது அவுலியா இல்லை என்று நீ சொன்னது சரிதான், மப்ரூக். அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் சரியாகச் சொன்னவன் வாயோடு நிறுத்தியிருக்கலாமே. பட்டப்பகலில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், இதோ பாருங்கள் உள்ளே யாருமில்லை என்று தோண்டிக் காட்ட வேண்டுமா? பெண்கள் போட்ட கூச்சல் ரயில் நிலையம் வரைக்கும் கேட்டது. வாப்பா ஓடிவந்து எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தார். அவர் அறைந்ததும் தப்பு, நீ அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு போனதும் தப்பு. நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் நான்.

வருகிற வெள்ளிக்கு அடுத்த நாள் நம் கூடாரத்தில் பஞ்சாயத்து. மகன் இல்லாமல் வாப்பா தனியாக உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. வா. கோபத்தையும் வேண்டுமானால் கூடவே கூட்டிக்கொண்டு வா, இரண்டு பேருக்கும் சேர்த்தே சமைக்கிறேன்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
ராபிஹா


பீர் ஷீஹ்
பஞ்சாயத்து முடிந்த மறுநாள்

தம்பி மப்ரூக்குக்கு,

நீ வரவில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

பஞ்சாயத்து நடந்தது. மூன்று குலத்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு கிடா அறுத்தோம். நானும் சித்தி ஜவீதாவும் கூடாரத்தின் திரைக்கு இந்தப் பக்கம் சோறாக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். சித்தி காதில் விழாததையெல்லாம் என்னை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள், அது வேறு தொல்லை. நடுவராக மத்ரூஹிலிருந்து வந்தவர் ஷேக் பூ ஷனீனா, நல்ல மனிதர், ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு சுற்று டீ குடித்துவிடலாம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாட்டனார் அங்கே விதைத்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு கிழவர்கள் ஆமாம் என்றார்கள். உடனே அதிய்யா, "விதைச்சாரு, யாரு இல்லேன்னா? சண்டை முடிஞ்சப்புறம் ஓடுபாதையில ஏர் பூட்டினீங்களா? அதைச் சொல்லுங்க" என்றார்.

வாப்பா என்ன சொல்லியிருக்க வேண்டும்? எண்ணெய் கொட்டின மண்ணில் எப்படி விதைப்பது, சுற்றிலும் நட்டேன், அத்திமரத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். முந்தாநாள் முழுக்க உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் சொன்னது: "இல்ல. உழல. முள்ளு மண்டாம பெருக்கி வச்சேன்."

கூடாரமே சிரித்தது. அதிய்யா தொடையில் தட்டிக்கொண்டு, "பெருக்கி வச்சீங்களா? ஏன், இங்கிலீஷ்காரன் திரும்பி வரேன்னு சொன்னானா?" என்றார். நான் கரண்டியால் சட்டியில் ஓங்கி அடித்தேன். குழம்பு சித்தியின் மேல் தெறித்தது. முள் மண்டினால் தரை தெரியாது, தரை தெரியாவிட்டால் பிள்ளைகளும் ஆடுகளும் வெடி கிடக்கிற பக்கம் வழி தவறிவிடும், அதனால்தான் பெருக்குகிறார். இதை ஒரே வரியில் சொன்னால் ஆகாதா? கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாராம். யாரும் கேட்கவில்லையாம்!

அடுத்ததாக நான் நம்பியிருந்த ஒரே விஷயத்தைச் சின்ன மாமா எடுத்தார். "ஹாஜி, நீங்களே எத்தனையோ வருஷமா உங்க கலப்பைய எங்க வச்சுட்டுப் போனீங்க? எங்க திடல்லதானே? அடுத்தவன் நிலம்னு ஒத்துக்கிட்டுத்தானே அமானிதமா நம்பி ஒப்படைச்சீங்க?" என்று கேட்டார். அப்படிப் போடுங்கள் மாமா என்று நான் மனசுக்குள் குதித்தேன். அதிய்யா அசரவில்லை. "நான் உங்ககிட்டயா வச்சேன்? அவுலியாகிட்ட வச்சேன். அவுலியா இருக்கற இடம் எல்லாருக்கும் பொது" என்றார்.

பார்த்தாயா? இப்போது அந்தக் கம்பமே நமக்கு எதிரியாக வந்து நிற்கிறது. அது அவுலியா இல்லை, காற்றுக் கம்பம் என்று வாப்பா ஒரு வார்த்தை சொன்னால் அதிய்யாவின் பேச்சு அங்கேயே படுத்துவிடும். வாப்பாவோ தாடியைத் தடவிக்கொண்டு டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஷேக் தீர்ப்புச் சொன்னார். சாட்சி இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆகையால் சத்தியம்தான் வழி. இந்த நிலம் பாட்டன் காலத்திலிருந்து எங்களுடையது, நாங்கள் கைவிடவில்லை என்று வாப்பா அவுலியாவின் கொடிமரத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதிய்யா ஒரு முழம்கூடக் கேட்கக் கூடாது, அளக்க வருகிறவர்களிடமும் நம் பெயரையே சொல்ல வேண்டும். அதிய்யா சரி என்றார். பறக்கும் அவுலியாவின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று அவர் மனசார நம்புகிறார், அதனால் அவருக்கு அது போதும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையைத்தானே சொல்லப் போகிறோம்? எழுந்து போய்க் கை வைத்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். சோறு தயாராக இருந்தது.

வாப்பா, "அங்க பண்ண மாட்டேன். மத்ரூஹ் தர்காவுல பண்றேன்" என்றார்.

அதிய்யாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கூப்பிடு தூரத்துல ஒரு அவுலியா இருக்கறப்ப பஸ் ஏறிப் போகணுமா? ஏன், இவரைப் பார்த்தா பயமா இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கமிருந்தே, "வாப்பா, பண்ணித் தொலைங்களேன்! சோறு ஆறுது!" என்று கத்திவிட்டேன். ஆண்கள் சிரித்தார்கள். சித்தி என் வாயைப் பொத்தினாள். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பண்ண மாட்டேன்" என்று மறுபடி சொன்னார்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். சத்தியம் செய்யப் பின்வாங்கியவன் தோற்றவன். ஷேக்குக்கு வாப்பாவின் மேல் மரியாதை, அதனால் இன்னும் இரண்டு வெள்ளி ஜும்ஆ வரைக்கும் தவணை கொடுத்தார். "பெரியவருக்கு ஏதோ மனசுல இருக்கு. அவரால முடியலேன்னா மகன் வந்து பண்ணட்டும். மகன் பண்ணினாலும் செல்லும்" என்றார். அதற்கு அதிய்யா, "எந்த மகன்? அவுலியாவோட காலடியில மண்வெட்டி போட்டானே, அவனா? வரட்டும். அவன் கை வச்சு சத்தியம் பண்ணிட்டான்னா நான் வாய மூடிக்கிட்டுப் போறேன்" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு வாப்பாவைக் கேட்டேன், கெஞ்சினேன், பாத்திரங்களை உருட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. "அது ஒனக்குப் புரியாது" என்கிறார். ஐம்பது வயதை எட்டப் போகிறேன், இந்தக் குடும்பத்தில் எனக்குப் புரியாதது இந்த மனிதர் ஒருவர்தான். வீடு போகப் போகிறது, தம்பி. இறக்கைக் கதவு, அத்தி, தொட்டி எல்லாம் போகப் போகிறது. அவர் என்னடாவென்றால் இன்று விடிந்ததும் வழக்கம்போல அந்த வட்டக் கற்களை நேராக்கப் போய்விட்டார்.

இந்தத் தடவையாவது பதில் எழுது. இல்லை, எழுதாதே, நேரில் வா.

அக்கா ராபிஹா


பீர் ஷீஹ்
புதன்கிழமை

என் கண்ணான தம்பி மப்ரூக்குக்கு,

கைருல்லா வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். இதை நீ யார் முன்னாலும் படிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை வாப்பாவோடு பெரிய சண்டை. நான் விடுவதாக இல்லை. "நீங்களே குழி வெட்டி நட்ட இரும்பு அது. இரும்புல கை வச்சு உண்மையைச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டேன். கேடு என்று வாப்பாவைப் பார்த்துச் சொன்னதற்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"வெறும் இரும்புன்னா நான் எப்பவோ கை வச்சிருப்பேன்" என்றார்.

நமக்கு ஒரு அண்ணன் இருந்தான், மப்ரூக். ஸாலிம் என்று பெயர். முகாமில் பிறந்தவன். திரும்பி வந்த முதல் மாதமே காய்ச்சல் கண்டு இறந்துபோனான். தவழக்கூட ஆரம்பிக்கவில்லையாம். வாப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கம்மா தோண்டறது? அடக்கம் பண்ற மையவாடி முழுக்க வெடி. ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. உங்க உம்மா பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இந்தச் சுத்துவட்டாரத்துலயே வெடி இல்லேன்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச மண்ணு அந்தக் கம்பத்தடி ஒண்ணுதான். நானே வெட்டி நானே மூடின இடம். யாரும் அதைக் கிளறல. அங்கதான் வச்சேன்."

அந்த மண்மேட்டைப் பார்த்துத்தான் பின்னால் வந்த பெண்கள் அவுலியா என்றார்கள். வாப்பா போய் இல்லை என்று சொல்லக் கிளம்பினாராம். உம்மா தடுத்திருக்கிறாள். "ஊரே என் பிள்ளைக்கு சலாம் சொல்லிட்டுப் போகுது. சொல்லட்டுமே. நீங்க வாயத் திறக்காதீங்க" என்றாளாம். அந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை காலமும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். உம்மா கண்ணை மூடும்வரை கம்பளி நூற்கத் தக்ளியைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே போய் உட்காருவாளே, நிழலே இல்லாத இடத்தில் என்ன வேலை என்று நான் சத்தம் போடுவேனே. இப்போது எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அழுது முடித்ததும் எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது. இதைப் பஞ்சாயத்தில் சொன்னால் போதுமே! பிள்ளையை அடக்கிய மண்ணை யாராவது வந்து கேட்பார்களா? அதிய்யாவே எழுந்து வாப்பாவின் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவார். வாப்பா மாட்டேன் என்கிறார். உம்மாவுக்குக் கொடுத்த வாக்காம். அதோடு, அதிய்யாவின் மனைவி பிள்ளையில்லாமல் கிடந்து, அங்கே வந்து துணி கட்டித்தான் மூத்தவனைப் பெற்றாளாம். "அவகிட்ட போய், நீ கட்டினது என் புள்ளையோட கபுர்ல, அவுலியா இல்லேன்னு சொல்லச் சொல்றியா? அந்தக் கலப்பையெல்லாம் அப்புறம் எங்க போகும்? யாரு யாரை நம்பி வைப்பான்?" என்று என்னையே கேட்கிறார்.

சரி, சொல்ல வேண்டாம், சும்மா கை வைத்துச் சத்தியமாவது செய்யுங்கள் என்றேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். "சத்தியம் பண்றவன் அந்த இடத்துக்குப் பயப்படணும். அதுக்குத்தான் அவுலியாகிட்ட போறது. என் புள்ளகிட்ட எனக்கு என்ன பயம்? பயப்படாம நான் கை வச்சா அதிய்யாவை ஏமாத்தின மாதிரிதானே?" எதிராளி ஏமாந்துவிடக் கூடாதே என்று வீட்டை இழக்கத் தயாராக இருக்கும் மனிதரோடு நீ ஒரு நாள் குடித்தனம் நடத்திப் பார்.

அப்போதுதான் எனக்கு நீ ஞாபகம் வந்தாய். மகன் செய்தாலும் செல்லும் என்று ஷேக் சொல்லியிருக்கிறாரே. "மப்ரூக் பண்ணட்டும். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வந்து நின்னான்னா, அந்த இடத்துல கை வைக்க அவனைவிட வேற யாருக்கு நடுங்கும்?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உன் மண்வெட்டி ஞாபகம் வந்துவிட்டது. வாப்பா உன்னை ஏன் அறைந்தார் என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது.

அவர் ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தார். பிறகு, "அவனுக்கு எழுது" என்றார். எழுதுகிறேன், நடந்ததையெல்லாம் எழுதுகிறேன், அவன் பயந்துகொண்டாவது வருவான் என்றேன். தலையை ஆட்டினார். "பயந்துக்கிட்டு வர வேண்டாம். முதல்ல இதை எழுது. மண்வெட்டி புள்ள மேல படல. அன்னிக்கே எல்லாரும் போனப்புறம் நான் கையால மண்ணை விலக்கிப் பார்த்தேன். அவன் தோண்டினது கம்பத்துக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு பிடி மண்ணு கலையல. அதை எழுது."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேள். "பயந்தாத்தான் சத்தியம் செல்லும்னு நீங்கதானே சொன்னீங்க? இதை எழுதினா அவன் எதுக்குப் பயப்படப் போறான்? பயம் போச்சுன்னா சத்தியம் போச்சு. நிலமும் போச்சு" என்று கத்தினேன்.

"போனா போகட்டும். அதை நினைச்சுக்கிட்டு அவன் அவ்வளவு தூரம் தனியா வர வேண்டாம்" என்றார்.

எழுதிவிட்டேன். நீ தோண்டின மறுநாளே அவர் உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வரிதான் அது. உனக்கும் அவருக்கும் நடுவில் நான் எத்தனை கடிதத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன்? நீங்கள் இரண்டு பேரும் என் உயிரை எடுக்கவே பிறந்தவர்கள்.

தவணை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதைப் படித்ததும் கிளம்பினால் கைருல்லாவின் வண்டியிலேயே வந்துவிடலாம், அவனிடம் உனக்காகக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வந்து கை வைத்துச் சொல், வைக்க மனசு வராவிட்டால் சொல்லாதே, ஆனால் வா. நிலம் நிற்கிறதோ போகிறதோ, அவர் உன்னை ஒரு தரம் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும்.

அல்லாஹ் உன் கையை ஒரு நாளும் நடுங்க விடாமல் வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நடுங்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா ராபிஹா